லா நினா ஆண்டிலும் கடல் ஏன் கொதிக்கிறது?

வெயில் நாளில் அசையாத குளத்தில் கழுத்தளவு நின்று பாருங்கள். தோளைச் சுற்றி நீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலடியில் சில்லென்றிருக்கும். காற்றடித்து அலையெழுந்தால் இரண்டும் கலந்துவிடும். கடல் ஏன் திடீரென்று சூடேறுகிறது என்ற கேள்விக்கு இந்தக் குளம் பாதி விடை சொல்லிவிடுகிறது. மீதிப் பாதி, சூடான நீர் இடம் மாறுவதில் இருக்கிறது.

எதைக் கடல் வெப்ப அலை என்பது? 2016இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஓரிடத்தில் ஆண்டின் அதே நாட்களில் சுமார் 30 ஆண்டுகளாகப் பதிவான வெப்பநிலைகளில் பத்தில் ஒன்பதை மிஞ்சிய சூடு, குறைந்தது 5 நாட்கள் நீடிக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி குளிர்காலத்திலும் வெப்ப அலை வரலாம்.

இனி பசிபிக். நிலநடுக்கோட்டை ஒட்டி வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. வெயிலில் காய்ந்த மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். சூடான நீர் அங்கே 150 மீட்டர் ஆழம் வரை நிற்கும், பெரு நாட்டுக் கரையிலோ அது மெல்லிய படலம்தான். தள்ளப்பட்ட நீரின் இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் ஏறி வருகிறது. பெருவின் நெத்திலி வளம் அதனால் வந்தது.

சில ஆண்டுகளில் இந்தக் காற்று தளர்ந்துவிடும். அதுதான் எல் நினோவின் தொடக்கம். மேற்கில் குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே நகரும். கூடவே கடலுக்குள் ஓர் அலை கிளம்பி, சுமார் இரண்டு மாதத்தில் பசிபிக்கைக் கடந்து, சூடும் குளிரும் சந்திக்கும் எல்லையைக் கீழே அழுத்தும். பெருக் கரையில் அடிநீர் ஏறுவது நின்றுவிடுவதில்லை. இறைக்கிற கிணறு அதேதான், வருகிற நீர்தான் வெந்நீர். கிழக்கு சூடானால் காற்று இன்னும் தளரும், காற்று தளர்ந்தால் கிழக்கு இன்னும் சூடாகும். இந்தச் சுழலை 1969இல் வானிலை ஆய்வாளர் ஜேகப் பியர்க்னஸ் விளக்கினார்.

சரி, ஒரு மூலையில் நடப்பது மற்ற கடல்களை எப்படித் தொடுகிறது? காற்று மண்டலம் வழியாக. சூடான நீரின் பின்னாலேயே மழைமேகங்களும் கிழக்கே போக, வேறு பல இடங்களில் வானம் வெளுத்து, காற்று அடங்கும். வெயில் நேரே இறங்கும், நீர் ஆவியாகிக் குளிர்வது குறையும், மேல்நீர் கலக்காமல் கிடக்கும். மறுபடி அதே குளம்! இந்தியப் பெருங்கடல் சில மாதம் கழித்துச் சூடாவது பெரும்பாலும் இப்படித்தான். பவளங்கள் கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் சூட்டில் சில வாரம் கிடந்தாலே தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும். 1998இல் உலகம் முழுக்க அது நடந்தது.

எல் நினோ என்றால் சூடு, லா நினா என்றால் குளிர் என்று மனப்பாடம் செய்தவர்களை 2011 குழப்பியிருக்கும். அது எல் நினோவுக்கு நேர்மாறான, பலமான லா நினா. வியாபாரக் காற்று முறுக்கேறி மேற்கே வெந்நீரை வழக்கத்துக்கு மேல் குவித்தது. அதில் ஒரு பங்கு இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே கசிந்து, லீயுவின் என்ற நீரோட்டத்தில் ஏறி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே பாய்ந்தது. சில இடங்களில் நீர் வழக்கத்தைவிட 5 டிகிரி வரை சூடாகி, சுமார் 100 கிலோமீட்டர் கரையில் கெல்ப் எனும் பெரும் கடற்பாசிக் காடுகள் அழிந்தன. பூமி சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. இதனால் ஒவ்வோர் ஊசலும் முன்பைவிட உயர்ந்த படியிலிருந்து கிளம்புகிறது.

1982இல் பெரிய எல் நினோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தபோதே பலருக்கும் அது தெரியாமல் போனது. அந்த ஆண்டு மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய துகள்மூட்டம் மறைத்ததில், செயற்கைக்கோள்கள் கடலை இருப்பதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டின. அப்புறம்தான் நடுக்கோட்டுப் பசிபிக்கில் சுமார் 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. 500 மீட்டர் ஆழம் வரை தொங்கும் உணரிகள், மேற்பரப்பில் மாற்றம் தெரியும் முன்பே கீழே கிழக்கு நோக்கி வரும் வெந்நீரைப் பிடித்துவிடுகின்றன.