வலிக்கவில்லை என்றால் நல்ல கால் என்று அர்த்தமில்லை

முழங்கால் வலி என்று சொல்லித்தான் வருகிறார்கள். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி அடிப்பாதத்தைப் பார்ப்பது என் வழக்கம். அப்போதுதான் புண் கண்ணில் படுகிறது. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கூட வந்த மகனோ மருமகளோ யோசித்துவிட்டு, "கால்ல பாயின்ட் அமுக்கிவிட்டாங்க சார், சுகர் குறையும்னு சொன்னாங்க" என்பார்கள். காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இந்தப் பதில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்த ஓர் ஆச்சிக்கு, மரக்குச்சியால் அழுத்திய இடம் கொப்புளமாகி, உடைந்து, சீழ் வைத்து, சுண்டுவிரலையே எடுக்கும்படி ஆகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் திட்டுவது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு புள்ளி இருக்கிறது, அதை அமுக்கினால் அந்த உறுப்பு சரியாகும் என்கிற இந்த முறைக்குப் பெயர் ரிஃப்ளெக்சாலஜி. அதற்கு நான் எதிரி இல்லை. அரை மணி நேரம் ஒருவர் நிதானமாகக் காலைப் பிடித்துவிட்டால் உடம்பு தளரும், மனசு அடங்கும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் கொஞ்சம் நன்றாக வரும். கூட்டுக்குடும்பம் கலைந்து, பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு மனுஷக் கை படுவதே பெரிய ஆறுதல். பிரிட்டனில் புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சில மையங்களில் பதற்றம் குறைய இதைத் துணைச் சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சையாக அல்ல. துணை என்ற அளவில் நின்றால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் இங்கே அது துணையாக நிற்பதில்லை. நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இருக்கும் போக்குவரத்து எல்லோருக்கும் தெரியும். அங்கே மால்களில் கால் பிடித்துவிடும் கடைகள் நிறைய. போய்விட்டு வரும்போது பாதப் படம் ஒன்றும் வந்துவிடுகிறது. பெருவிரலில் மூளை, நடுப்பாதத்தில் கணையம், குதிகால் பக்கம் இடுப்பு என்று கலர் கலராகப் பிரித்த படம். "இது சீனாவோட ஐயாயிரம் வருஷத்து வைத்தியம்" என்று ஒரு கதையும் கூடவே வரும். காலைப் பிடித்துவிடுவது எல்லா நாட்டிலும் பழையதுதான். இந்தப் படம் அவ்வளவு பழையதில்லை. 1910-களில் அமெரிக்காவில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பை நெடுக்குவாட்டில் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். 1930-களில் யூனிஸ் இங்கம் என்ற அம்மையார் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து உறுப்புகளைக் குறித்தார். அவரும் பிசியோதெரபிக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. இருந்தாலும், குறித்த இடத்துக்கும் கணையத்துக்கும் இடையில் நேரடி நரம்புப் பாதை எதுவும் உடற்கூறியலில் கிடையாது. எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர், நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2009-இல் எழுதியதும் இதுதான்: எந்த நோய்க்கும் ரிஃப்ளெக்சாலஜி பலன் தரும் என்று நம்பும்படியான சான்று இல்லை.

சரி, என்னை அதிகம் கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "அமுக்கும்போது வலிச்சா அந்த உறுப்பில் கோளாறு, வலிக்கலைன்னா உறுப்பு நல்லா இருக்கு." படித்தவர்கள், பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றுக்கு அடியில் அடுக்கடுக்காகத் தசைகள், குதிகாலிலிருந்து விரல்வரை இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த சவ்வு, ஊடே நரம்புகள். நடுப்பாதத்தின் குழிவில் மரக்குச்சியை வைத்து அழுத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? ஜல்லிக்கட்டுக் காளையை அடக்குகிற பையனுக்கும் வலிக்கும். காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிக்கிறவருக்கு அந்தச் சவ்வுதான் புண்ணாகியிருக்கும். அவர் குதிகாலை அழுத்திவிட்டு "உங்களுக்குக் கர்ப்பப்பையில் பிரச்சினை" என்று சொன்னால் அந்த அம்மா எத்தனை ராத்திரி தூங்காமல் கிடப்பார்? ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் போகாமல் என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். விரலுக்குக் கரகரவென்று தட்டுப்படுவதை "உப்பு படிஞ்சிருக்கு, நசுக்கி எடுத்துடலாம்" என்பது இன்னொரு கூத்து. யூரிக் அமில உப்பு படிவது மூட்டுக்குள். கட்டைவிரலால் நசுக்கி எடுக்க முடிகிற சமாச்சாரம் இல்லை அது. யூரிக் அமிலத்தால் பெருவிரல் சிவந்து வீங்கியிருக்கும் ஆளுக்கு அதைச் செய்து பாருங்கள், தெருவே கூடிவிடும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வலிக்கவில்லை என்பதற்குச் சொல்லும் விளக்கம்தான் ஆபத்து. பத்துப் பதினைந்து வருஷம் சர்க்கரை இருந்து, நரம்பு கெட்டு, பாதம் மரத்துப்போனவருக்கு எங்கே அமுக்கினாலும் வலிக்காது. அவர் பாதத்தைப் பார்த்து "எல்லா உறுப்பும் அருமையா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தால் என்ன அர்த்தம்? முகப்பில் அழைப்பு மணியின் ஒயர் அறுந்து கிடக்க, வீட்டின் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டு "வாசலில் யாரும் வரவில்லை" என்கிற மாதிரிதான். அமுக்குகிறவருக்கும் "ஆ" என்ற சத்தம் வராததால் இன்னும் பலமாக அமுக்கத் தோன்றும். ஆச்சிக்கு நடந்தது அதுதான். வலியே இல்லாமல் அவர் அந்தப் புண்ணோடு கல்யாண வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். தட்ட வேண்டாம், அழுத்த வேண்டாம். தொட்டது தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் போங்கள். அவர் 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் மெல்லிய நைலான் இழையால் முறையாகச் சோதிப்பார். அந்தக் காலை வேறு யாரும் குச்சியால் தொடவே கூடாது. உணர்ச்சி நன்றாக இருக்கிறவர்கள் கால் பிடித்துக்கொள்ளலாம். கையால், எண்ணெய் போட்டு, இதமாக. முடிந்ததும் விரல் இடுக்கில் எண்ணெய் நிற்காமல் துடைத்துவிடுங்கள், அந்த ஈரத்தில்தான் சேற்றுப்புண் வருகிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கால் பிடித்த அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைவாகக் காட்டியது என்று இன்சுலினை விட்டவர்கள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கும்போது முகம் வெளுத்துப் போகிறார்கள்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் யாரையும் தொடவிடாதீர்கள். காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் (ஆழ்நாளத்தில்) ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கி, அது கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. காய்ச்சல், ஆறாத புண், சமீபத்திய எலும்பு முறிவு இருந்தாலும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மட்டும்.

அப்புறம் இந்த மெஷின்கள். பொருட்காட்சியில் வாங்கியது, மகன் பினாங்கிலிருந்து அனுப்பியது, எதுவானாலும் சரி, மரத்த காலை உள்ளே விட்டுச் சூடு பட்டனைப் போடாதீர்கள். தோல் வெந்தாலும் தெரியாது. மின்சாரம் பாய்ச்சும் மிதியடிகளைப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே கூடாது. முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் சர்க்கரைக்காரருக்கு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சில்லென்று சுகமாக இருக்கிறது என்று வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயும் ஒரு மெத்தென்ற செருப்பு இருக்கட்டும். வெந்நீரில் காலை ஊறவைக்கவும் வேண்டாம்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: வருகிறவரிடம் சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உங்கள் கட்டைவிரல் போதும். நோயின் பெயர் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. நன்றாகத் தூங்கினேன் என்று அவர் அடுத்த வாரம் வந்து சொன்னால் உங்கள் கைக்கு அதுவே நல்ல பேர்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் திரும்பி வந்த கையோடு கால் பிடிக்க ஓடுகிறார்கள். கொப்புளம் காய்ந்து, தோல் மூடட்டும். அதுவரை கழுவித் துடைத்து, சுத்தமான துணியால் கட்டி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுங்கள். சர்க்கரை இருந்தால் கொப்புளத்தோடு நேராக மருத்துவரிடம்.