கனடா பிஆருக்குப் பிரெஞ்சு: நான்கில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்

கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கனவோடு பிரெஞ்சு கற்க வருபவர்களுக்கு வகுப்பெடுப்பது என் தொழில். ஐடி, அக்கவுன்ட்ஸ், நர்சிங் என்று பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் நல்ல ஸ்கோர் இருக்கும், அனுபவம் இருக்கும், ஆனால் விண்ணப்பதாரர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், சிஆர்எஸ் எனப்படும் அந்தப் புள்ளி எட்டாது. "கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டால் உதவுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கொஞ்சம் கற்றால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் பிரெஞ்சை இரண்டாவதாகவும் காட்டுகிறீர்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் என்சிஎல்சி (கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோல்) 7 வந்தால் ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 12 புள்ளி, அதற்கு மேல் கூடுதலாக 50. ஆக 62. அதே ஆள் மூன்றில் 7 வாங்கி, கேட்டலில் மட்டும் 6 வாங்கினால் மொத்தமே 10 புள்ளிதான். அந்த 50 முழுதாகப் போய்விடும். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனியாக நடக்கும் அழைப்புச் சுற்றுக்கும் (அதிகப் புள்ளி உள்ளவர்களை விண்ணப்பிக்க அழைப்பது) நான்கிலும் 7 இருந்தாக வேண்டும். அதுவும் கைவிட்டுப் போகும்.

அந்தச் சுற்று ஏன் முக்கியம்? 2024 பிப்ரவரி கடைசியில் பொதுச் சுற்றின் கட்-ஆஃப் 530-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த நாளே நடந்த பிரெஞ்சுச் சுற்றில் 336. எப்போதும் இப்படிக் குறையும் என்று நம்பிவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில் அது 481 வரை ஏறியது. ஆனாலும் வேறு வழியே தெரியாமல் நிற்பவருக்கு இது திறந்திருக்கும் கதவு.

என்சிஎல்சி 7 என்பது ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழி அளவுகோலில் சுமாராக பி2 நிலை. அடிப்படையிலிருந்து அங்கே போக 500, 600 மணி நேரப் படிப்பாவது வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால்கூட ஒரு வருடம் ஓடிவிடும். "மூன்றே மாதத்தில் பி2 உத்தரவாதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, பாதி வழியில் என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பணத்தைவிட அவர்கள் இழந்த மாதங்கள்தான் பெரிது. முப்பதிலிருந்து நாற்பது வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தாறு புள்ளி குறைந்துகொண்டே போகும்.

நம் ஊரில் பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நிறைய. அவர்களுக்கு இலக்கணம் ஞாபகம் இருக்கும், வாசித்தலும் சமாளித்துவிடும். வழுக்குவது கேட்டலிலும் பேசுவதிலும்தான். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்து பல இடங்களில் ஒலிக்காது. சில இடங்களில் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒலிக்கும். எழுத்தைப் பார்த்தே படித்துப் பழகியவருக்கு, தெரிந்த சொல்லே காதில் விழும்போது புதுச் சொல் மாதிரி இருக்கும். பிஆருக்கு ஏற்கப்படும் பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்றான டிசிஎஃப் கனடாவில் 35 நிமிடத்தில் 39 கேட்டல் கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அதனால் முதல் வாரத்திலிருந்தே காதைப் பழக்குங்கள். பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகும்போது ரேடியோ கனடாவின் பிரெஞ்சுச் செய்தி ஓடட்டும், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பேசுவதற்கு மனப்பாடம் உதவாது. இன்னொரு தேர்வான டெஃப் கனடாவில் முதலில் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, போனில் விசாரிப்பது போல ஐந்து நிமிடம் கேள்வி கேட்கச் சொல்வார்கள். அடுத்து, தயங்கும் நண்பரைப் பத்து நிமிடம் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். எதிரில் இருப்பவர் மறுத்துக்கொண்டே இருப்பார். எழுதி வைத்துப் படித்த வாக்கியங்கள் இரண்டாவது மறுப்பிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், டெல்ஃப் என்ற பொதுவான பிரெஞ்சுச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா இரண்டில் ஒன்றுதான் வேண்டும். இன்னொரு குழப்பம், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம். அந்த மாகாணம் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி அதற்கு வெளியே குடியேறுபவர்களுக்கானது. பிரெஞ்சுக்கு இத்தனை புள்ளி தருவதே மற்ற மாகாணங்களில் அந்த மொழி பேசுபவர்களைப் பெருக்கத்தான்.

கணவன் மனைவியாக விண்ணப்பித்தால், முதன்மை விண்ணப்பதாரரின் பிரெஞ்சுக்குத்தான் இந்த 62. யார் பெயரில் விண்ணப்பம் என்று முடிவு செய்துவிட்டு வகுப்பில் சேருங்கள். வீட்டில் யாருக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது லேசான முடிவல்ல.

ஐஇஎல்டிஎஸ்ஸை முதலில் எழுதி முடித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழித் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். அழைப்பு வந்து விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். பிரெஞ்சுக்கு ஒன்றரை வருடம் போய்விட்டால் ஆங்கிலத் தேர்வை மறுபடியும் காசு கட்டி எழுத வேண்டியிருக்கும். அடிப்படையிலிருந்து பிரெஞ்சு தொடங்குபவர்கள், பி1 முடியும்போது ஐஇஎல்டிஎஸ்ஸுக்குத் தேதி வாங்கினால் போதும்.