உதிரிப் பந்து அல்ல, கூடுதல் பந்து

"உதிரிப் பந்து எரிகிறது" என்று ஒரு வரி. சாய்வான மேசையில் எஃகுப் பந்தைத் துடுப்புகளால் தட்டிப் புள்ளி சேர்க்கும் பின்பால் இயந்திரத்தை வீட்டில் வாங்கி வைத்திருப்பவர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் படித்தேன். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. மூலத்தில் இருந்தது 'எக்ஸ்ட்ரா பால் இஸ் லிட்' என்ற வாசகம். ஆடுதளத்தில் எக்ஸ்ட்ரா பாலுக்கு, அதாவது ஆட்டத்தில் சம்பாதிக்கும் இன்னொரு பந்து முறைக்கு, உரிய விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது, அந்த விளக்கு காட்டும் இடத்தில் பந்தை அடித்தால் அந்த முறை உங்களுக்குக் கிடைக்கும் என்பது பொருள். இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும் வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'எரிகிறது' என்பதையாவது சிரித்துவிட்டு மன்னித்துவிடலாம். 'உதிரி'யை மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அது ஒருவருடைய கைத்தவறு அல்ல. கைப்பேசி விளையாட்டுகளின் தமிழாக்கத்தில் பார்த்துவிட்டேன், படித்தவர்கள் வாயிலும் கேட்டுவிட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் அகராதியில் ஏறிவிடும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 'எக்ஸ்ட்ரா' என்பது லத்தீனில் 'வெளியே' என்று பொருள்படும் சொல். ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ராஆர்டினரி' என்பதன் தலையை மட்டும் நறுக்கி, 'வழக்கத்துக்கு மேற்பட்டது' என்ற பொருளில் தனிச் சொல்லாகப் புழங்கவிட்டார்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. 'பின்பால்' என்பதில் உள்ள 'பின்' பலகையில் அடித்த ஆணி. பிரான்சில் பிறந்த பகடெல் என்ற மேசையாட்டத்துக்கு, அமெரிக்காவின் சின்சினாட்டியில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் 1871இல் சுருள்வில் தண்டைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் விற்ற, ஆணியடித்து வளைவு வைத்த பலகையும் அந்தக் குடும்பத்தின் வாரிசுதான். பந்தைத் தட்டி மேலே அனுப்பும் துடுப்புகள் 1947இல்தான் வந்தன. அதற்கு முன்பு பந்தை ஏவிவிட்டு, மேசையை லேசாக உலுக்கிவிட்டு, வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பின்பாலை 'ஊசிப்பந்து', 'முள்பந்து' என்றெல்லாம் ஆக்குவோரிடம் எனக்குச் சண்டை இல்லை. பஸ் என்று எழுதுகிற நாம் பின்பால் என்றும் எழுதலாம்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். பின்பாலில் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பந்து என்று கணக்கு உண்டு. பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் ஐந்து, பிற்காலத்தில் மூன்று. இங்கே 'பந்து' என்பது பொருளைவிட முறையைத்தான் குறிக்கிறது. இரண்டு துடுப்புகளுக்கு நடுவே பந்து நழுவி விழுந்தால் முதல் பந்து முடிந்தது, இரண்டாம் பந்து தொடங்கும். எக்ஸ்ட்ரா பால் சம்பாதித்த ஒருவர் இரண்டாம் பந்தைத் தவறவிட்டால் திரையில் 'பந்து 3' என்று வராது. மறுபடியும் 'பந்து 2' என்றே இருக்கும். துடுப்புகளின் அருகே 'ஷூட் அகெய்ன்' என்ற விளக்கு எரியும். பழைய இயந்திரங்களில் மேசையின் தலைப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பின்கண்ணாடியில் 'அதே ஆட்டக்காரர் மறுபடியும் ஆடுகிறார்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒளிரும். அடுத்தவர் தன் முறைக்கு இன்னும் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

ஆக, எக்ஸ்ட்ரா பால் என்பது சம்பாதித்த ஒரு முறை. தாயக்கட்டத்தில் தாயம் விழுந்தால் மறுபடி உருட்டுகிறோம் அல்லவா, அதே நியாயம். அந்த உருட்டலை உதிரி உருட்டல் என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

'உதிரி' என்ற சொல் 'உதிர்' என்ற வினையில் பிறந்தது. காம்பிலிருந்து கழன்றது, கோவையில் சேராதது. தொடுத்த பூ சரம், தொடுக்காதது உதிரிப்பூ. சங்கத்தில் சேராத, இன்று வந்து நாளை போகும் தொழிலாளர் உதிரித் தொழிலாளர். இயந்திரத்தில் பொருத்தாமல் தனியாக விற்கும் பாகம் உதிரிப் பாகம். இந்த மூன்றிலும் ஒரே நிறம்: சேர்க்கை அறுந்தது, தனித்துக் கிடப்பது. 'ஸ்பேர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உதிரி பொருந்தியது அதனால்தான். 'ஸ்பேர்' வேறு, 'எக்ஸ்ட்ரா' வேறு என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு விளக்க வேண்டியிருப்பது வருத்தமான விஷயம்.

'கிரிக்கெட்டில் எக்ஸ்ட்ராஸ் என்பதை உதிரிகள் என்றுதானே எழுதுகிறோம்?' என்பார்கள். இந்தத் தவறான பெயர்ப்பின் ஊற்றுக்கண்ணே அதுதான் என்று நினைக்கிறேன். பத்திரிகைகளின் ஓட்டப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரியில் 'உதிரிகள்' என்று பார்த்துப் பழகிய கண், 'எக்ஸ்ட்ரா' என்று எங்கே கண்டாலும் உதிரியை எடுத்து ஒட்டிவிடுகிறது. ஆனால் கிரிக்கெட்டில் அந்தச் சொல் அருமையாகப் பொருந்துகிறது. அகலப் பந்தில் வந்த ஓட்டமும், மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடிய ஓட்டமும் எந்த மட்டையாளரின் கணக்கிலும் சேராதவை. எல்லோர் கணக்கிலிருந்தும் உதிர்ந்து, அணியின் கணக்கில் மட்டும் கிடப்பவை. யார் முதலில் இட்ட பெயரோ, யோசித்து இட்டிருக்கிறார்கள். பின்பாலில் எக்ஸ்ட்ரா பால் யார் சம்பாதித்தாரோ அவர் கணக்கிலேயே இருக்கிறது, அவர்தான் ஆடுகிறார், அதில் வரும் புள்ளியெல்லாம் அவருக்கே. இன்னொன்றும் உண்டு. கிரிக்கெட்டில் அகலப் பந்து வீசினால் வேறொரு பந்து வீச வேண்டியிருப்பது வீசியவருக்குத் தண்டனை. பின்பாலில் இது பரிசு. தண்டனையின் பட்டியலிலிருந்து பரிசுக்குப் பெயர் எடுப்பது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய கேடு என்னவென்றால், பின்பால் இயந்திரத்தில் உண்மையாகவே உதிரிப் பந்துகள் இருக்கின்றன. பந்து சுமார் 27 மில்லிமீட்டர் குறுக்களவும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும், அதற்காக வாங்கி டப்பாவில் போட்டு வைப்பது உதிரிப் பந்து. இயந்திரத்தின் வயிற்றிலும் ஒரே பந்து கிடப்பதில்லை. 1993இல் வந்த ட்வைலைட் ஸோன் இயந்திரத்துக்குள் ஆறு பந்துகள் உண்டு, அவற்றில் ஒன்று பீங்கான். பல பந்துகள் ஒரே நேரத்தில் ஓடும் கட்டத்துக்காக அவை ஒரு சரிவில் வரிசையாகக் காத்திருக்கும். ஆடுபவருக்குக் கிடைக்கும் மூன்று பந்துகளுக்கும் இந்த ஆறுக்கும் தொடர்பே இல்லை. இந்நிலையில் ஒரு வீட்டுக்காரர் இயந்திரத்தின் முன்கதவைத் திறந்து, தமிழ்க் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'அதிகபட்ச உதிரிப் பந்துகள்: 2' என்று படித்தால் என்ன நினைப்பார்? கடைக்குப் போய் இரண்டு எஃகுக் குண்டு வாங்கி வருவார். அவர்மேல் தவறில்லை, தமிழ் அவருக்கு அப்படித்தான் சொன்னது.

'உதிரி'க்கு மாற்றாக வேறு சிலவற்றையும் முன்வைக்கிறார்கள். தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'மிகைப்பந்து' என்றார். வள்ளுவரே 504ஆம் குறளில் மிகை என்று ஆண்டிருக்கிறாரே என்று வாதாடினார். ஆண்டிருக்கிறார், குணம் குற்றம் இரண்டில் எது மேலோங்கியது என்று பார்க்கச் சொல்லும் இடத்தில். ஆனால் நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலையும் சேர்த்துவிட்டார். இன்று மிகை என்றால் மிகை நடிப்பு, மிகைப்படுத்தல், அளவு மீறியது என்றே காதில் விழுகிறது. உழைத்துப் பெற்ற பந்தை அளவு மீறியது என்பதா? 'உபரிப் பந்து' அதைவிட மோசம். அணையில் தேக்க முடியாமல் திறந்துவிடுவது உபரி நீர். 'போனஸ் பந்து' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்பாலில் ஒவ்வொரு பந்தும் முடிந்தவுடன் கூட்டித் தரும் புள்ளிக்கே போனஸ் என்று பெயர் இருப்பதால் குழப்பம் வரும். 'கொசுறு' என் மனத்துக்கு மிக நெருக்கமான சொல், ஒளிக்க மாட்டேன். ஆனால் கொசுறு கடைக்காரர் மனமிருந்தால் தருவது. இது வழியைத் திறந்து, அடித்து, வாங்குவது.

'இலவசப் பந்து' என்பதைச் சற்று நின்று மறுக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கருத்து வளர்ந்த கதையே 'இலவசம்' என்ற சொல்லைத் தவிர்க்க நடந்த கதை. அமெரிக்காவில் பின்பாலைச் சூதாட்டமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. நியூயார்க் மேயர் லா கார்டியா 1942இல் தடை போட்டு இயந்திரங்களை உடைக்கச் செய்தார். அந்தத் தடை 1976 வரை நீடித்தது. நிறையப் புள்ளி எடுத்தவருக்கு ஓர் ஆட்டம் இலவசம் என்ற ஏற்பாட்டைச் சில மாநிலங்களின் சட்டம் பண மதிப்புள்ள பரிசாகக் கருதியது. சூதாட்டத்தின் அடையாளமே அதுதானே. இதற்குக் காட்லீப் என்ற பின்பால் தயாரிப்பு நிறுவனம் ஒரு வழி கண்டது. இலவச ஆட்டத்துக்குப் பதிலாக, நடக்கிற ஆட்டத்திலேயே ஒரு பந்தைக் கூட்டித் தருவது. 1960இல் வந்த 'ஃப்ளிப்பர்' அப்படி அமைந்த முதல் இயந்திரம். இந்த வகைக்கு 'ஆட்-எ-பால்' என்றே பெயர். பந்தைக் கூட்டு! ஆங்கிலத்துக்காரர்களே கூட்டு என்ற வினையைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், நம் மொழிபெயர்ப்பாளர்கள் உதிர்க்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த சில இயந்திரங்களில், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு நாணயம் போட்டு ஒரு பந்தை விலைக்கு வாங்கவும் முடிந்தது. அதையும் இலவசம் என்பார்களா?

ஆகவே 'கூடுதல் பந்து'. கூடு என்ற வினை, சேர்தல், மிகுதல் என்ற இரண்டு பொருளையும் தன்னுள் வைத்திருக்கிறது. பள்ளிக் கணக்கில் கூட்டி வந்த விடைக்குக் கூடுதல் என்று பெயர். கூடுதல் ஆட்சியர், கூடுதல் நேரம், கூடுதல் பேருந்து என்று ஏற்கெனவே ஊரறிந்த சொல். இலங்கைத் தமிழர் 'மேலதிகப் பந்து' என்று எழுதினால் அதையும் வரவேற்பேன். மேலதிக அரசாங்க அதிபர், மேலதிக வகுப்பு என்று அங்கே வேரூன்றிய சொல் அது. அதிகம் வடசொல் என்று அதைத் தள்ளுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை. 'பந்து 2' மறுபடியும் 'பந்து 2' ஆகவே இருப்பதால் 'மறுபந்து' இன்னும் துல்லியம் என்று சொல்லலாம், எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் 'ரீப்ளே' என்ற முழு இலவச ஆட்டத்துக்கு 'மறு ஆட்டம்' என்பதே இயல்பான தமிழ். சட்டமே பிரித்து வைத்த இரண்டையும் 'மறு' போட்டு ஒட்டிவிடக் கூடாது.

சொல் தெளிந்தால் அமைப்பும் தெளியும். வீட்டு இயந்திரத்தில் இரண்டு வெவ்வேறு தேர்வுகள் இருக்கின்றன. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பந்து என்பது ஒன்று. அதற்கு மேல் எத்தனை கூடுதல் பந்தைச் சம்பாதிக்க விடலாம் என்பது இன்னொன்று. நான் படித்த குறிப்பு இரண்டையும் கலந்து, மூன்றை ஐந்தாக்குவதையும் 'உதிரிப் பந்து சேர்த்தல்' என்றே எழுதியிருந்தது. முதலாவது எல்லோருக்கும் சமம், இரண்டாவது திறமைக்கு. விருந்தினர் வரும் வீட்டில் முதலாவதை ஐந்தாக்குவது பண்பு. நால்வர் முறைவைத்து ஆடும் வீட்டில் இரண்டாவதை ஒன்றுக்கு மேல் விடக் கூடாது என்பது என் கருத்து. கெட்டிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் ஆடிக்கொண்டிருக்க, மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். போட்டிகளில் கூடுதல் பந்தை முடிந்தவரை அணைத்தே வைக்கிறார்கள். அணைக்க முடியாத பழைய இயந்திரமானால், கிடைத்த கூடுதல் பந்தை ஏவிவிட்டுத் துடுப்பைத் தொடாமல் விழவிடச் சொல்வதும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருக்க எனக்கும் ஆசையில்லை. இயந்திரத்தைக் கண்ணால் காட்டாமல், அட்டவணையில் சொற்களை மட்டும் வரிசையாகக் கொடுத்து, சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இப்படித்தான் வரும். பந்து நழுவி விழுவதைக் குறிக்கும் 'ட்ரெய்ன்' அதே குறிப்பில் 'வடிகால்' ஆகியிருக்கிறது. மேசையை முரட்டுத்தனமாக உலுக்கியதற்கு நடக்கிற பந்தைப் பறிக்கும் 'டில்ட்' வெறும் 'சாய்வு'. பந்து வடிகாலில் விழுந்தது என்று படித்தால் எனக்கு மாநகராட்சி நினைவுதான் வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் வந்த பின்பாலை ஒரு மாலை ஆடியிருந்தால்கூட இந்தப் பிழைகளில் பாதி வந்திராது.

பழைய பின்பால் இயந்திரங்களின் திரையில் தமிழ் எழுத்து வராது. ஆகவே தமிழ் இருக்கப்போவது கதவின் உட்புறம் ஒட்டும் தாளில்தான். அதில் இப்படி எழுதலாம்: 'ஓர் ஆட்டத்துக்குப் பந்துகள்', 'ஓர் ஆட்டத்தில் அதிகபட்சக் கூடுதல் பந்துகள்', 'ஒரு பந்து முறைக்குள் அதிகபட்சக் கூடுதல் பந்துகள்'. விளக்கு எரிந்தால் 'கூடுதல் பந்துக்கு வழி திறந்தது'. இடம் போதாதென்றால் 'கூ.ப.' என்று சுருக்கிக்கொள்ளட்டும். இயந்திரத்தில் இருக்கிறதே என்று ஆங்கிலச் சுருக்கத்தை 'இ.பி.' என்று அப்படியே எழுதிவிட மட்டும் வேண்டாம். 'அதிகபட்ச இ.பி.' என்று படிக்கும் தமிழ்நாட்டுக்காரர் நேரே மின்கட்டண அட்டையைத் தேடப் போய்விடுவார்.