ரேடியோ 4 நெட்டலை மாற்றங்களும் உங்கள் வீட்டு ஹீட்டரும்

பிரிட்டனில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு, பிபிசி வானொலியில் எது மாறினாலும் என்ன என்று இருந்துவிடலாம். ஆனால் 2024 ஏப்ரலுக்கும் 2025 கோடைக்கும் இடையே பிபிசி ரேடியோ 4 நெட்டலையில் (லாங் வேவ்) நடந்தவை நேராக மக்களின் மீட்டர் பெட்டிக்குள் வந்து நின்றன.

198 கிலோஹெர்ட்ஸில் வந்த இந்த அலைவரிசைக்கெனத் தனி நிகழ்ச்சிகள் இருந்தன. எஃப்எம்மில் ஒன்று ஓடும்போது இங்கே காலை வழிபாடோ, கப்பல்களுக்கான வானிலை அறிக்கையோ, டெஸ்ட் கிரிக்கெட் வர்ணனையோ வரும். கிரிக்கெட் 2023லேயே போய்விட்டது. 2024 ஏப்ரலில் மற்றவையும் நின்றன. கப்பல் வானிலை அறிக்கை வார நாட்களில் நான்கு முறையிலிருந்து மூன்றானது. அதற்காக வருத்தப்பட்டவர்கள் நிறைய. வருத்தம் நியாயம்தான், ஆனால் அதனால் யார் வீடும் குளிரில் கிடக்கப் போவதில்லை.

அதே அலையில் 1980களிலிருந்து காதுக்குக் கேட்காத இன்னொரு வேலையும் நடந்துவந்தது. வூஸ்டர்ஷயரில் உள்ள டிராய்ட்விச், ஸ்காட்லாந்தில் வெஸ்டர்கிளென், பர்க்ஹெட் ஆகிய ஒலிபரப்பு நிலையங்கள், பேச்சோடு சேர்த்து நொடிக்கு வெறும் 25 பிட் வேகத்தில் குறியீடுகளையும் அனுப்பின. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பெட்டி அதைப் பிடித்து, இரவு மலிவுக் கட்டணத்துக்கு மீட்டரை மாற்றும். ஸ்டோரேஜ் ஹீட்டரையும் (இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் வெளியிடுவது) வெந்நீர்த் தொட்டியையும் போட்டு அணைக்கும். இதுதான் ரேடியோ டெலிஸ்விட்ச். கேஸ் இணைப்பு இல்லாத அடுக்குமாடிகளிலும் கிராமங்களிலும், குறிப்பாக ஸ்காட்லாந்தில், அதிகம் பார்க்கலாம். கருவிகள் பழசாகி, உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. நிறுத்தும் கெடு தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூன் 30 முதல் இந்தச் சிக்னலைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள்.

சிக்னல் போனால் பெட்டி என்ன செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹீட்டர் வேலையே செய்யாமல் போகலாம். நாள் முழுக்க எரியலாம். அல்லது விலை அதிகமான பகல் நேரத்தில் சூடேறலாம். மூன்றாவதுதான் மோசம் என்பேன். வீடு கதகதப்பாகவே இருக்கும், பில் வரும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

முதலில் பெட்டியைப் பாருங்கள். மேலே 'ரேடியோ டெலிஸ்விட்ச்' அல்லது 'டெலிமீட்டர்' என்று எழுதியிருக்கும். சில இடங்களில் மீட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால் மின் சப்ளையரைக் கேளுங்கள். மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு, அதற்குத் தனிக்கட்டணம் கிடையாது. என்னைப் போன்ற எலக்ட்ரீஷியன் மீட்டரில் இருக்கும் முத்திரையைத் தொடக் கூடாது. நீங்களும் தொடாதீர்கள்.

வாடகை வீடு என்றால் 'ஹவுஸ் ஓனர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுகிறார்கள். பில் உங்கள் பெயரில் வந்தால் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நீங்களே ஃபோன் செய்யுங்கள்.

ஃபோனில் 'ஸ்மார்ட் மீட்டர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் போதாது. டெலிஸ்விட்ச் வீடுகளில் மீட்டரிலிருந்து இரண்டு லைன் வெளியே வரும்: விளக்கு, பிளக்குக்கு எப்போதும் இருப்பது ஒன்று, ஹீட்டருக்கு நேரம் பார்த்து வருவது மற்றொன்று. இரண்டாவது லைனையும் நேரம் பார்த்துப் போட்டு அணைக்கும் வகை மீட்டர்தான் வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் வருகிறவர் சாதாரண மீட்டரோடு வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்புறம் இன்னொரு தேதிக்குக் காத்திருக்க வேண்டும். பெட்டியை ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் பாதி குழப்பம் தீரும்.

மாற்றிய அன்றே எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். ஹீட்டர் இரவில்தான் சூடேறும். மறுநாள் காலை தொட்டுப் பாருங்கள். மலிவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய நேரமும் புதிய நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாஷிங் மெஷினை இரவில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் புது நேரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.