ரீமேக் உரிமை வாங்குவதற்கு முன்னால்

தென்னிந்தியப் படங்களை இந்திக்குக் கொண்டுபோகும் கதை வேலையில் மும்பையில் இருக்கிறேன். தாராவி, சயான், செம்பூர் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அந்தேரி அலுவலகங்களில் இதுதான் முதல் வேலையாக அமைகிறது. மூலப் படத்தைப் பார்த்து சீன் ஆர்டர் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதிக் கொடுங்கள். கூடவே, அந்த ஆள் ஏன் அப்படிச் செய்கிறான், அவனுடைய ஊரில் எது அவனைச் செய்யவைக்கிறது என்பதையும் ஒவ்வொரு சீனுக்கும் எழுதுங்கள். ரீமேக் தேறுமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரிந்துவிடுகிறது.

2013-ல் வந்த மலையாள ‘திருஷ்யம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கொலை நடந்த நாளில் ஊரிலேயே இல்லை என்று அந்தக் குடும்பம் நம்பவைக்க வேண்டும். குடும்பத் தலைவர் ஜார்ஜ்குட்டி கிறிஸ்தவர், தியானக் கூட்டத்துக்குப் போனதாகச் சொல்கிறார். 2015-ல் வந்த இந்திப் படம் கோவாவில் நடக்கிறது. அங்கே விஜய் சல்காவ்கர் குடும்பம் பனாஜிக்கு சத்சங்கம் கேட்கப் போகிறது. குடும்பமே கிளம்பினாலும் யாரும் சந்தேகப்படாத காரணம், கண்டக்டரும் ஓட்டல்காரரும் பிறகு நினைவில் வைத்துச் சொல்லக்கூடிய ஒரு பயணம், இரண்டும் கதைக்குத் தேவை. நிகழ்ச்சி மாறியும் இரண்டும் கெடவில்லை. மூலத்தை இயக்கிய ஜீத்து ஜோசப்பே அதே ஆண்டு அதைத் தமிழில் எடுத்த ‘பாபநாசம்’ நெல்லைத் தமிழைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் நாயகன் சுயம்புலிங்கம், இறந்த பையனின் பெற்றோர் முன்னால் உடையும்போது, அவர் அந்த மண்ணின் ஆள் என்று நாம் எப்போதோ நம்பியிருப்போம்.

‘கைதி’ 2019-ல் வந்தது. பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது. நாயகன் டில்லி தன் மனைவியைப் பற்றி வாயால் சொல்வதோடு சரி, ஒரு பிளாஷ்பேக்கூட இல்லை. மகளை ஒருமுறைகூடப் பார்த்திராத தகப்பனின் தவிப்பு அந்த மறைப்பில்தான் கனக்கிறது. 2023-ல் வந்த அதன் இந்தி ரீமேக் ‘போலா’ மனைவியையும் காட்டியது, பாட்டும் வைத்தது. சண்டைகள் பெருத்தன, அந்தத் தவிப்பு கரைந்துபோனது. காசு செலவழித்து நஷ்டம் வாங்குவது என்றால் இதுதான்.

இதைவிட என்னை வருத்தியது 2018-ல் வந்த ‘தடக்’. அதன் மூலமான மராத்தி ‘சைராட்’ முழுக்கச் சாதியின் மேல் நிற்கிற படம். இந்தியில் காதலும் ஓட்டமும் அஜய்-அதுலின் இசையும் வந்தன, சாதி ஓரிரு வசனங்களாகச் சுருங்கியது. பிறகு கடைசியில் வரும் கொலைக்கு என்ன காரணம் மிச்சம்? ஆனால் அதே தர்மா புரொடக்‌ஷன்ஸ் 2025-ல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தை ‘தடக் 2’ ஆக எடுத்தபோது, சாதியை ஒளிக்காமல் கல்லூரி வகுப்பறைக்குள் வைத்தது. குறைகள் இருக்கலாம், எனக்கு அந்தத் துணிச்சல் பெரிதாகத் தெரிந்தது.

இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. இந்தி டப்பிங்கோடு மூலப் படமே ஓடிடியில் கிடைக்கும் காலம் இது. அப்படியே பிரதி எடுத்த படத்துக்கு யாரும் டிக்கெட் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதனால் தயாரிப்பாளர்கள் வசூல் கணக்கைக் காட்டி உரிமை வாங்கலாமா என்று கேட்டால், கதை எந்த ஊரில் நடக்கப்போகிறது என்று நான் முதலில் கேட்கிறேன். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், அட்வான்ஸையும் அப்புறமே கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.