குவளைத் தண்ணீரில் தெரியும் நெல் நோய்

பெரும்போகத்தில் திருகோணமலையின் தம்பலகாமத்திலோ மூதூரிலோ நெல் இலை காய்ந்தால் "பயிர் எரியுது" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று நோய்கள் உண்டு. எரிபந்தமும் கபிலப்புள்ளியும் பங்கசால் வருபவை. இலை வெளிறல் பற்றீரியாவால் வருவது. பங்கசுநாசினிக்கு அது அடங்காது. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவுகள் வயலுக்குப் பயன்பட, நோயின் பெயர் முதலில் வயலிலிருந்து சரியாகப் போக வேண்டும்.

எரிபந்தப் புள்ளிக்கு இரு முனையும் கூர். நடு சாம்பல், ஓரம் கபிலம். கபிலப்புள்ளி எள்ளு வடிவம். வெளிறல் நுனியில் தொடங்கி, ஓரத்தால் நெளிநெளியாக மஞ்சளாய் இறங்கும். முற்றிவிட்டால் எல்லாம் ஒரே வைக்கோல் நிறம்தான்.

வெளிறலை உறுதிசெய்ய ஒரு கண்ணாடிக் குவளை போதும். பச்சையும் நோயும் சந்திக்கும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டுமுனை தெளிந்த தண்ணீரில் படும்படி அசைக்காமல் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், சில நிமிடங்களில் பால்போன்ற இழை வடியும். அது பற்றீரியாக் கூட்டம். வாய்க்கால் கலங்கலிலோ முழுதாகக் காய்ந்த இலையிலோ இது தெரியாது.

விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோகும் மாதிரியும் அப்படித்தான்: செத்த பயிர் வேண்டாம், நோய் தொடங்கும் பயிர் வேண்டும். ஈரப் பொலித்தீனில் கட்டினால் வழியிலேயே அழுகி, அழுகல் பங்கசுகள் உண்மையான நோயை மறைத்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி அன்றைக்கே கொடுங்கள். நெல் இனம், விதைத்த நாள், யூரியா போட்ட நாளும் அளவும் எழுதிச் சேருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் இலையின் கிட்டப்படம் மட்டும் போதாது, வயல் முழுவதும் தெரியும் படமும் தேவை. நோய் திட்டுத்திட்டாக இருக்கிறதா, தண்ணீர் ஓடிய வழியே போகிறதா என்பது அதில்தான் தெரியும்.

பெயர் பிழைத்தால் ஆலோசனை தலைகீழாகும். எரிபந்தம் கண்ட வயலைக் காயவிடக் கூடாது, நீர் நிற்க வேண்டும். வெளிறல் கடுமையானால் நீரை வடிக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது யூரியாவை நிறுத்துவது. மஞ்சளைப் பார்த்துப் பசளைக் குறை என்று மேலும் யூரியா எறிவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இலை மென்மையாகி நோய் இன்னும் பரவும்.

வடித்த நீர் பக்கத்து வயலுக்குப் பற்றீரியாவைக் கொண்டுபோகும். ஆகவே ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதாது; கமக்காரர் அமைப்புக்கும், வயல் நீரைப் பார்க்கும் வட்டவிதானைக்கும் அன்றே தெரிய வேண்டும். அவசரத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. நோய் எதிர்ப்புள்ள நெல் இனங்களின் பட்டியலோ போக ஆரம்பக் கூட்டத்துக்கே வந்தாக வேண்டும். விதைத்த பின் வந்தால் அது அடுத்த போகத்துக்குத்தான்.