ஷாலிமாரா, ஓ சோவாஜா?

பிரெஞ்சு செண்ட் நிறுவனமான கெர்லானின் ஷாலிமார் 1925இல் வந்த செண்ட். இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான டியோரின் ஓ சோவாஜ் 1966இல் வந்தது. முன்னது பெண்களுக்கு, பின்னது ஆண்களுக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். மூக்குக்கு அந்தப் பேதம் கிடையாது. கடையில் இரண்டையும் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்தால், இரண்டிலுமே பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் மணம்தான் முந்திக்கொண்டு வரும். அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள்.

பெர்கமோட் எண்ணெயில் உள்ள லிமோனீனின் மூலக்கூறு எடை 136. அதன் மூலக்கூறுகளுக்கு ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளத் தெரியாது, சீக்கிரமே ஆவியாகிவிடும். ஷாலிமாரில் அதற்கு அடியில் காத்திருப்பது வனிலா மணம். அந்த மணத்தைத் தரும் வனிலின் என்ற பொருளின் எடை 152தான். அதே பெர்கமோட்டில் இருக்கும் லினலூலின் எடையோ 154. ஆனால் லினலூல் சில மணி நேரத்தில் போய்விடும், வனிலின் துணியில் நாள்கணக்கில் கிடக்கும். எடையைவிட இங்கே முக்கியம் பிடிமானம். வனிலின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அறை வெப்பத்தில் அது படிகப் பொடி, உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஷாலிமாரில் இதைவிடச் சில மடங்கு வீரியமான எத்தில் வனிலினும் உண்டு.

ஓ சோவாஜில் கதையே வேறு. அதை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா சேர்த்த ஹெடியோன், மல்லிகை மணத்தை ஆராய்ந்தபோது கிடைத்த பொருள். எடை 226. எளிதில் ஆவியாகாது, ஆனாலும் அதன் வாசனை மெல்லியது, காற்றோட்டமானது. ஒரு செண்ட் லேசாக மணப்பதும் சீக்கிரம் பறந்துபோவதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

சரி, வெயிலுக்கு என்ன வேலை? வெப்பம் 10 டிகிரி கூடினால் லிமோனீனின் ஆவி அழுத்தம், அதாவது ஆவியாகிப் பறக்கும் போக்கு, ஏறக்குறைய இரட்டிப்பாகும். வனிலின் போல இறுகப் பிடித்திருக்கும் பொருள்களில் அந்தப் பெருக்கம் இன்னும் அதிகம். குளிரில் அடங்கிக் கிடந்த ஷாலிமாரின் அடிமணம் வெயிலில் மொத்தமாக எழுந்துவிடுவது இதனால்தான். ஜனவரி மாதப் பாரிஸில், கம்பளிக் கோட்டுக்குள், இரவு விருந்துக்கு அது அருமை. அதையே ஜூலையில் நெரிசலான மெட்ரோவில் போட்டுக்கொண்டு ஏறினால் பக்கத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம்! பகல் வேலைக்கும் கோடைக்கும் என் ஓட்டு ஓ சோவாஜுக்கே. மாலைக்குள் மங்கிவிடும்தான், இன்னொரு முறை அடித்துக்கொண்டால் போயிற்று.

அப்புறம் அளவு. ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நமக்குத் தெரியவில்லையே என்று ஷாலிமாரை மறுபடி அடிக்கப் போனால், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.